நீர் போன கல்

எங்கள் வீட்டு அம்மி பல்லாவரம் மலையின் ஒரு துண்டு. அப்பா குவாரி வேலைக்குப் போன புதிதில் ஆயாவுக்காகக் கொண்டுவந்தது. மிக்ஸி வந்து இருபது வருஷம் ஆகிறது. அம்மா அதைப் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். ஓரங்களில் மட்டும் பழைய கொத்து மிச்சம் இருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் "அம்மி கொத்தலையோ, அம்மி" என்று குரல் கேட்டால் அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா வேறு எங்கோ பார்ப்பார். கல் வேலை தெரிந்த மனுஷன் வீட்டில் இருந்தும், கொத்தாத அம்மியில்தான் அம்மா பல வருஷம் அரைத்தார்.

பார்க்க அது கறுப்புக் கல். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால்தான் அசல் நிறம் தெரியும். கரும்பச்சையும் நீலமும் கலந்து, எண்ணெய் தடவியது மாதிரி ஒரு மினுக்கம்.

2013ல் கல்லூரியில் நிலவியல் சேர்ந்தேன். ஆசைப்பட்டுச் சேரவில்லை, கேட்ட பாடம் கிடைக்கவில்லை. முதல் செய்முறை வகுப்பில் பேராசிரியர் மேசைமேல் உள்ளங்கை அளவு கல் ஒன்றை வைத்து "இது என்ன?" என்றார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "எங்க வீட்டு அம்மி, சார்." வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எந்த ஊரும்மா?"

"பல்லாவரம், சார்."

"அப்ப நீ சொன்னது சரிதான். உலகத்துல எந்த மூலையில இந்தக் கல்லு கிடைச்சாலும் உங்க ஊர்க் கல்லோடதான் ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றார்.

அந்தக் கல்லின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுநாள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அப்படிச் சொல்லக்கூடாது என்று 2003ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட், 1893ல் அந்தப் பாறைவகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார். இன்று இலங்கையில், மடகாஸ்கரில், நார்வேயில், அண்டார்டிகாவில் என்று எங்கே அது வெளிப்பட்டாலும் அதே பெயர்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"செத்தவன் பேரையா கல்லுக்கு வச்சாங்க?"

"ஆமாப்பா."

"அந்தக் கல்லை வெட்டி அனுப்புனவன் பேரு?"

"அது தெரியாதுப்பா."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

*

சென்னையின் சார்னோக்கைட்டுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அந்த வயது அது பிறந்த நாளைச் சொல்வதில்லை. பூமிக்குள் அது ஆகக் கடுமையான சூட்டில் கிடந்த காலத்தை ஒட்டியது. இப்படிப்பட்ட பாறைகளை உயர்தர உருமாற்றப் பாறைகள் என்பார்கள். தரம் என்றால் நல்லது கெட்டது இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. நம் ஊர்க் கல் சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருந்திருக்கிறது. கடல் மட்டத்தில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஏழாயிரம் மடங்கு அழுத்தம்.

அந்த ஆழத்தில் கல் உடையாது. வளையும், இழுபடும், மடியும். உருகாமலே நகரும். அந்த நகர்வு எத்தனை மெதுவானது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நிலவியல்காரர்கள் வழக்கமாகக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வேகத்தில், ஒரு மீட்டர் நீளக் கல் 10 லட்சம் வருஷத்தில் 30 சென்டிமீட்டர் நீளும். இளகிய அடுக்கு நீளும். அதன் நடுவே இருக்கும் இறுகிய அடுக்கு ஈடுகொடுக்க முடியாமல் துண்டு துண்டாகப் பிரிந்து, கோத்த மணிகள் மாதிரி வரிசையாக நிற்கும். தாதுமணிகள் எல்லாம் ஒரு திசையில் படுத்துக்கொள்ளும். அதனால் கல்லுக்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வரி ஓடும்.

இதை நான் இரண்டாம் வருஷம் படித்தேன். அப்பாவுக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் அந்த வரி தெரியும். அவர் அதை வாட்டம் என்பார். "வாட்டம் பாத்து அடிச்சா கல்லு தானா வாயத் தொறக்கும். வாட்டத்துக்குக் குறுக்க அடிச்சா உளிதான் மழுங்கும்." கல்லின் மேல் கையை வைத்து, கண்ணை லேசாகச் சுருக்கி, இப்படி என்று காட்டுவார். நான் காம்பஸ் வைத்து அளந்து எழுதிய திசையும் அவர் கை காட்டிய திசையும் பல தடவை ஒன்றாக இருந்திருக்கின்றன. 250 கோடி வருஷத்துக்கு முன் எந்தப் பக்கமிருந்து நெருக்கினார்கள் என்பதை அவர் உள்ளங்கை படித்துவைத்திருந்தது.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையே ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு 'அழுத்தம்'. எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. சார்னோக்கைட்டை எடுத்துக்கொண்டேன். பூமி அதைப் புதைத்தது, நசுக்கியது, சுட்டது, அதனால்தான் அது இத்தனை உறுதி என்றேன். கடைசியில் குவாரித் தொழிலாளியான என் அப்பாவைக் கொண்டுவந்து, வறுமை அவரை எப்படி உறுதியாக்கியது என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. முதல் பரிசு.

அன்று ராத்திரி அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"அமுக்குனா உறுதியாவும்னு யாரு பாப்பா சொன்னா? அமுக்குனா நசுங்கும். தப்பிச்சது உன் கண்ணு முன்னாடி நிக்குது. நசுங்குனது எங்க நிக்குது, நீ பாக்குறதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குத்தான் அந்தக் கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

*

எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் உண்டு. ஸ்டூடியோவில் எடுத்தது. பெல்பாட்டம் போட்ட, மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு பையன். என் சித்தப்பா. 1986ல், 19 வயதில், குவாரியில் இறந்துபோனார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிதான். ஆயா இருந்தவரை அவர் நினைவுநாளில் வடை பாயசம் வைத்துப் படைப்பார். அப்பா அன்றைக்கு வீட்டில் இருக்கவே மாட்டார். அவர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவாரா பேர் சொல்லிக் கூப்பிடுவாரா, எதுவும் தெரியாது. கேட்டால் அப்பா "அது ஆச்சு, விடு" என்பார். அழுதும் பார்த்ததில்லை. ஆயா இறந்தபோதுகூட.

மூன்றாம் வருஷம் நுண்ணோக்கி. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பார்ப்போம். அந்த அளவுக்குத் தேய்த்தால் கறுப்புக் கல்லிலும் வெளிச்சம் புகும். சார்னோக்கைட்டின் அடையாளமான ஹைபர்ஸ்தீன் என்ற தாதுவை முதல்முதலாக அப்படித்தான் பார்த்தேன். மேடையைச் சுழற்றினால் இளஞ்சிவப்பு மெல்ல வெளிர்ப்பச்சை ஆகும். இன்னும் சுழற்றினால் மறுபடி இளஞ்சிவப்பு. அம்மிக்குள் இப்படி ஒரு நிறம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னால் நம்பவே மாட்டார்.

நான் தேடியது அந்த நிறத்தை இல்லை, நசுங்கிய தடத்தை. இத்தனை பாடுபட்ட கல்லில் காயம் இருக்க வேண்டுமே! பல வில்லைகளில் தேடினேன். பெரும்பாலான இடங்களில் தாதுமணிகள் அமைதியாக, ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மூன்று மணிகள் சேரும் இடத்தில் ஏறக்குறைய 120 பாகைக் கோணம், தேன்கூட்டில் பார்ப்பது மாதிரி. பேராசிரியரிடம் கேட்டேன். சொன்னார்: "சூடு ரொம்ப காலம் நீடிச்சா மணிகள் மறுபடி வளர்ந்து, ஓரத்தை நேராக்கிக்கும். உள்ள இருந்த திரிபு எல்லாம் ஆறிடும். வெளியில பாத்தா வரி இருக்கும். உள்ள, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்."

உயர்தரப் பாறைகளைப் படிப்பதில் உள்ள பெரிய சிரமம் இதுதான். ஆகக் கடுமையான சூடு, அதற்கு முன் நடந்த எல்லாவற்றையும் அழித்துவிடும். இது முதலில் எரிமலைக் குழம்பா, ஆற்று மணலா, கடற்சேறா? மேலிருந்து கீழே எந்த வழியாகப் போனது? கல் சொல்லாது. எந்தச் சூட்டில் கிடந்தேன் என்பதை மட்டும் சொல்லும்.

ஆனால் முழுவதும் அழிவதில்லை. மதுரைப் பக்கத்துக் கல் ஒன்றின் வில்லையில் ஒரு கார்னெட் மணியைக் காட்டினார்கள். கார்னெட் கடினமான தாது. வளரும்போது பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன மணிகளை விழுங்கிக்கொண்டே வளரும். அப்புறம் வெளியே எவ்வளவு நெருக்கினாலும், எல்லாம் புதிதாக மாறினாலும், விழுங்கியது உள்ளே பத்திரமாக இருக்கும். நான் பார்த்த மணிக்கு வெளியே வரிகள் ஒரு திசையில் ஓடின. உள்ளே சிக்கியிருந்த துணுக்குகள் வேறொரு திசையில் வரிசையாக இருந்தன. வெளியே எப்போதோ அழிந்துபோன ஒரு பழைய வாட்டம் அந்தக் குண்டுமணி அளவுக்குள் அப்படியே இருந்தது. சிர்க்கான் என்ற தாதுவும் இப்படித்தான். உள்கருவில் ஒரு வயது, அதைச் சுற்றிய விளிம்பில் இன்னொரு வயது.

அன்றைக்கு ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். அப்பாவுக்குள்ளும் இப்படி ஒன்று இருக்குமா என்று யோசித்தேன். கல்லுக்கும் மனுஷனுக்கும் உவமை போடுவதில் பேச்சுப் போட்டிக்குப் பிறகு எனக்குப் பயம் உண்டு. இருந்தாலும் யோசித்தேன்.

*

முதுகலையில் எங்களைக் கர்நாடகத்தின் கப்பாலதுர்காவுக்குக் கூட்டிப் போனார்கள். கனகபுரா பக்கத்தில் ஒரு குன்றும் பழைய கல்குவாரியும். கர்நாடகத்தில் வடக்கிலிருந்து தெற்கே வர வர, ஒரு காலத்தில் இன்னும் ஆழத்தில் இருந்த பாறைகள் மேலே தெரியும். மேலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் தலையை அரிப்பு சீவிவிட்டது. தெற்கே பேருந்தில் போவது பூமிக்குள் இறங்குவதற்குச் சமம் என்று வழியில் ஒரு சீனியர் சொன்னார்.

கப்பாலதுர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறை. வரிவரியாக, மடிப்பு மடிப்பாக, நசுங்கியது அத்தனையும் வெளியே தெரியும் பாறை. அதில் ஆங்காங்கே சாணம் தெளித்தது மாதிரி கரும்பச்சைத் திட்டுகள். கிட்டப் போய்ப் பார்த்தால், சாம்பல் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்து, மங்கி, காணாமல் போகின்றன. திட்டு முழுக்க சார்னோக்கைட். நைஸ் சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்தபோதே பாதியில் நின்றுபோன இடம் அது. சி. எஸ். பிச்சமுத்து 1960ல் இதை 'உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்' என்று எழுதி உலகத்துக்குக் காட்டினார்.

மாறியது எது? சாம்பல் கல்லில் இருக்கும் ஹார்ன்பிளெண்டும் பயோட்டைட்டும் தங்கள் படிகக் கட்டுக்குள்ளேயே கொஞ்சம் நீரை வைத்திருப்பவை. சூடு எல்லை தாண்டும்போது அவை உடைகின்றன. நீர் வெளியேறுகிறது. நீர் இல்லாத ஹைபர்ஸ்தீன் பிறக்கிறது. ஆழத்திலிருந்து விரிசல் வழியாக ஏறிவந்த கரியமில வாயு அந்த நீரைத் தள்ளியதா, பாறையின் ஒரு பகுதி உருகி, அந்த உருகல் நீரை வாங்கிக்கொண்டு போனதா என்பதில் பெரிய வாதமே நடந்திருக்கிறது. எப்படிப் போனாலும் முடிவு ஒன்று. சார்னோக்கைட் என்பது நீர் போன கல்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கீழே போகும்போது சூட்டுக்குத் தக்கபடி மாறிய கல், மேலே வரும்போது குளிருக்குத் தக்கபடி திரும்ப மாற வேண்டியதுதானே? 25 கிலோமீட்டர் ஏறிவந்த பிறகும் ஏன் ஆழத்து முகத்தோடேயே இருக்கிறது?

பேராசிரியர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பறதுக்குத் தண்ணி வேணும்மா. போனது வரல. காய்ஞ்ச கல்லு, குளிர்ந்தா அப்படியே உறைஞ்சு நின்னுடும். எங்கயாவது விரிசல் விழுந்து, அது வழியா தண்ணி உள்ள போச்சுன்னா, அந்த ஓரத்துல மட்டும் பழையபடி திரும்பும்." தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. மோயாறு, பவானி, பாலக்காடு–காவிரி என்று நீளும் பெரிய பெயர்ச்சி மண்டலங்களில் பாறை அறுபட்டு, நகர்ந்து, நீர் நுழைந்து, கரும்பச்சை வெளுத்து மறுபடி சாம்பலாகியிருக்கிறது.

அப்போதுதான் என் பேச்சின் தப்பு முழுசாகப் புரிந்தது. சார்னோக்கைட் உறுதியால் அப்படி நிற்கவில்லை. திரும்பிப் போக வழி இல்லாததால் நிற்கிறது.

*

2017ல் சென்னையில் கடும் வறட்சி. ஏரிகள் காய்ந்துவிட்டன. சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த நீரை எடுத்து, சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். செய்தியை டிவியில் காட்டினார்கள். செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே பச்சைத் தண்ணீர், மிதவைமேல் மோட்டார்.

அப்பா அப்போது ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் ஏற்கெனவே வந்துவிட்டது. நைட் ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று பார்த்தார்.

"அந்தக் கல்லுல துளை கிடையாது" என்றார். "அதான் தண்ணி நிக்குது."

"ஆமாப்பா. உள்ள பொட்டுத் தண்ணி இல்லாத கல்லுப்பா அது. அதுல நீங்க வெட்டுன குழிதான் இப்ப ஊருக்கே தண்ணி குடுக்குது."

ஏதோ பாராட்டுகிற மாதிரிதான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம குவாரிலயும் தண்ணிதான் நிக்கிது இப்ப" என்றார். "அவன் செத்த இடம் இருபது முப்பது அடிக்குக் கீழ இருக்கும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

"முந்தின நாளு சாயங்காலம் வெடி. பதினொரு குழி. எப்பவும் நான் எண்ணுவேன். பத்துச் சத்தம்தான் கேட்டுச்சு. மேஸ்திரிகிட்ட சொன்னேன். ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்டா, வேலையப் பாருன்னாரு. நானும் சரின்னுட்டேன். மறுநா காலையில இவன் எனக்கு முன்னாடி போயிட்டான். வாட்டம் பாத்து, சரியான இடத்துல கம்பிய வச்சு அடிச்சிருக்கான். வெடிக்காத குழிக்கு ரெண்டு வெரக்கடைதான் தள்ளி."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தப்பான இடத்துல வச்சிருந்தா பொழைச்சிருப்பான். வாட்டம் பாக்கக் கத்துக் குடுத்தது நான்தானே பாப்பா."

அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லை. முகம் மாறவேயில்லை. கண்ணிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்தார். ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "அந்த அம்மி நான் தூக்கியாந்தது. கொத்துனது அவன். வாரத்துக்கு ஒரு பக்கம்னு நாலு ஞாயித்துக்கிழமை கொத்துனான்."

எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் இன்னிக்குத்தான்டீ தெரியும்."

அதற்குப் பிறகு அப்பா மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அதே "ம்", அதே "அது ஆச்சு, விடு". விரிசல் விழுந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம். சித்தப்பாவின் நினைவுநாளில் இப்போது வீட்டில் இருக்கிறார். படையலில் உட்கார மாட்டார், திண்ணையில் இருப்பார். போன வருஷம் ஒரு தடவை, கேட்காமலே, "அவனுக்கு வடை புடிக்காது, பாயசம்தான்" என்றார். அம்மா இந்த வருஷம் பாயசம் மட்டும் வைத்தார்.

நானும் இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பில் மேசைமேல் சார்னோக்கைட் துண்டு ஒன்றை வைப்பேன். யாராவது ஒரு பிள்ளை "எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு மேம்" என்று சொல்லும். ஒரு செம்பு தண்ணீரை அதன்மேல் ஊற்றுவேன். நிறம் வரும். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம்தான் பாடம்.

வீட்டு அம்மியை எந்த வகுப்புக்கும் கொண்டுபோனதில்லை. அது பின்பக்கச் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது. மழை பெய்தால் போய்ப் பார்ப்பேன். நடுவே ஆயாவும் அம்மாவும் அரைத்து அரைத்துத் தேய்த்த வழுவழுப்பு. ஓரத்தில், விரலை வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பதினாறு வயசுப் பையன் ஒருவன் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொத்திய கொத்து.